கழுத்துக் குழாயும் நம் கைகளும்

அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நலம் விசாரிக்கச் செல்கிறோம். தீவிர சிகிச்சையில் இருப்பவரின் கழுத்தில் சில வேளை மெல்லிய குழாய் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முனை இதயத்தருகே பெருஞ்சிரையில் நிற்கும். மருந்து செல்லும் அவ்வழியே கிருமியும் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மருத்துவமனைகளில் கை கழுவுதல், முழுப் பாதுகாப்பு உடை, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், தொடையில் குழாயிடுவதைத் தவிர்த்தல், தேவை தீர்ந்ததும் அகற்றுதல் ஆகிய ஐந்தையும் தவறாது கடைப்பிடித்ததால் இத்தொற்று 66 விழுக்காடு வரை குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறிற்று.

நாமும் கை கழுவியே அருகில் செல்வோம், குழாயைத் தொடாதிருப்போம். கட்டு நனைந்தாலோ, குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ செவிலியரிடம் உடனே கூறுவோம். "இக்குழாய் இன்னும் தேவைதானா?" என மருத்துவரிடம் நாள்தோறும் பணிவுடன் கேட்போம். அக்கேள்வியும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.