கரும்பு ரயிலில் உல்லாசம்

கரிபியன் கடலில் சென். கிற்ஸ் தீவுக்குக் கப்பலில் போய்வரும் எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே படத்தைத்தான் காட்டுகினம். இரண்டு தட்டு ரயில், கையில் றம், பின்னால் நீலக்கடல்.

வடிவுதான். ஆனால் அந்தத் தண்டவாளம் உல்லாசத்துக்குப் போட்டதில்லை. 1912க்கும் 1926க்கும் இடையில், தோட்டத்துக் கரும்பைத் தலைநகரில் இருந்த ஆலைக்கு இழுக்கப் போட்டது. அந்தத் தோட்டங்களை உருவாக்கியது ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1834 இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2005 இல் சீனித் தொழிலையே அரசு மூடியது. கரும்பு போய்விட்டது; அந்தப் பாதையில் 2003 இல் தொடங்கிய சுற்றுலா ரயில் மிஞ்சியது.

போகாதேயுங்கோ என்று நான் சொல்லவில்லை. அந்த ரயிலால் அங்கே சில வீடுகளில் அடுப்பு எரியுது. "பழசைக் கிளறாமல் அனுபவியுங்கோ" என்பவர்களிடம்தான் கேட்கிறேன்: மலையக ரயிலில் போகும் வெள்ளைக்காரன் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படமெடுத்து "என்ன அழகு" என்றால், "அவளின்ர லயத்தைப் பார்த்தியா?" என்று சண்டைக்குப் போகிறோமே, அந்தக் கோபம் கரும்புக்காட்டில் எங்கே போகுது?