வாயிலில் தமிழ், உள்ளே?

இணையத்தளத்தைத் திறந்தவுடன் "வணக்கம்" என்று கொட்டை எழுத்துகள் வரவேற்கின்றன. மேல் மூலையில் "தமிழ்" என்றொரு பொத்தான். அதனை அழுத்திய கூலித் தொழிலாளி மகிழ்கின்றார். வருவாய்ச் சான்று வேண்டி அடுத்த பக்கத்திற்குச் செல்கின்றார்; தமிழ் அங்கு மறைந்துவிடுகின்றது. படிவம் ஆங்கிலம், பிழை சுட்டும் செந்நிற வரி ஆங்கிலம், பணம் செலுத்திய பின் வரும் செய்தியும் ஆங்கிலம். எங்கே தவறினோம் என்றறியாமல் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றார். மூன்றாம் முறையும் தோற்று, ஒரு நாட் கூலியை இழந்து, நகரத்துக் கணினிக் கடையில் காசு கொடுத்து அதே படிவத்தை நிரப்புவிக்கின்றார். இல்லத்திலிருந்தே பெறலாம் என்று விளம்பரஞ்செய்யப்பட்ட ஏந்து இதுதான்!

அவர்க்குக் கணினியறிவு போதாது என்பார் சிலர். குற்றம் அவருடையதன்று. தளத்தை முழுமையும் ஆங்கிலத்திலேயே எண்ணி, ஆங்கிலத்திலேயே கட்டி முடித்து, இறுதியில் தமிழை வண்ணப்பூச்சுப் போல் மேலே தடவியவருடையது.

படிவத்தின் முதல் வினாவையே பாருங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். குடும்பப்பெயர் வழக்கே தமிழரிடைப் பெரும்பாலும் இல்லை. தம் பெயரும், தந்தை பெயரின் தலைப்பெழுத்துமே உண்டு. ஆகலின் ஒருவர் தந்தை பெயரை இரண்டாங் கட்டத்தில் இடுகின்றார். மற்றொருவர் வெறும் தலைப்பெழுத்தை இடுகின்றார். வேறு வழியறியாதவர் தம் பெயரையே இருமுறை எழுதுகின்றார். பின்னர் ஓர் ஆவணத்துப் பெயர் மற்றோர் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று அலைக்கழிக்கப்படுபவரும் அவரே. "முழுப்பெயர்" என ஒரே கட்டம் அமைத்தால் இத்துன்பம் இல்லை.

கட்டத்தின் நீளமும் ஆங்கிலக் கணக்கே. "தமிழ்ச்செல்வி" என்பதில் எழுத்துகள் ஏழு. ஒருங்குறியிலோ அப்பெயர் 13 குறியீடுகளாய் நிற்கின்றது. தளங்கள் பெரும்பாலும் ஆளும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடங்கொள்வதால் மொத்தம் 39 பைட். ஆங்கில எழுத்திற்கு ஒரு பைட் போதும். 30 பைட்டே பெயர்க்கு இடம் என்று ஒருவன் வரையறுத்துவிட்டால், அப்பெண் "தமிழ்ச்செல" என்று நின்றுபோவாள்!

ஊர்ப்பட்டியலில் தேடுவோர்க்கு வேறொரு தொல்லை. நெடுங்கணக்கின்படி பட்டுக்கோட்டை முன்னும் படப்பை பின்னும் வரல்வேண்டும்; மெய் முன், உயிர்மெய் பின் என்பது அகரமுதலி புரட்டிய எவரும் அறிந்தது. குறியீட்டெண் வரிசையிலேயே அடுக்கும் தளத்தில் இது தலைகீழாகின்றது. புள்ளியின் எண் ஆங்குப் பின்னே இருப்பதே கரணியம். தமிழ் முறைப்படி அடுக்கும் நெறி ஆயத்தமாகக் கிடைக்கின்றது. அதனை எடுத்தாள்வோர் வேண்டுமே!

பொத்தான்களின் மொழியோ தனிக்கொடுமை. முகப்புப் பக்கத்தை "வீடு" என மொழிபெயர்த்த தளங்களும் உள. பொறி பெயர்த்ததை மாந்தர் ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை போலும். "சமர்ப்பிக்கவும்" என்னும் வடசொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதி வெளியே தொங்குகின்றது. "அனுப்புக" என்றால் இடமும் அடங்கும், மூதாட்டிக்கும் விளங்கும்.

பார்வையற்றோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளுக்குப் பக்கத்தின் மொழி இன்னது என்று உள்ளே குறித்தல் வேண்டும். ஆங்கிலத் தளத்தைப் படியெடுத்துத் தமிழ்ப் பக்கம் செய்வோர் அவ்வொரு சொல்லை மாற்ற மறக்கின்றனர். விளைவு? ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளைத் தாண்டிச் செல்லும், அன்றேல் சிதைத்து உளறும். மொழியைக் குறித்தலும், எழுத்திற்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்னும் ஒளிவேறுபாடு இருத்தலும் வையவிரிவலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிகளிலேயே உள்ளன. அழகென்று எண்ணி வெண்திரையில் வெளிர்சாம்பல் எழுத்தைப் பொறிப்போர் அறுபது அகவையரின் கண்ணை எண்ணிப் பார்ப்பதில்லை.

தரம் இல்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் உள்ளது. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை ஏற்று ஆணையிட்டது. ஆயினும் அறிவிப்புகளை ஒளிப்படமாக எடுத்து ஒட்டும் வழக்கம் ஒழியவில்லை. ஒளிப்படத்துள் புதைந்த எழுத்தை எத்தேடுபொறி எளிதிற் கண்டெடுக்கும்?

பயன்பாட்டாய்வறிஞர் சேக்கப் நீல்சன், பயனர் ஐவரை அமர்த்திப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று 2000-இல் எழுதினார். பெருஞ்செலவில் தளம் அமைப்போர்க்கு ஐவர் கிடையாரா? ஓர் உழவர், ஒரு மூதாட்டி, பார்வையற்ற மாணவர் ஒருவர், கடைப்பணியாளர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர். அவர்கள் கையில் எளிய கைப்பேசியைக் கொடுங்கள். அருகில் நின்று எதுவும் சொல்லிக் கொடாதீர்கள். விரல் எங்கே தயங்குகின்றதோ அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள். திறப்பு விழாவிற்கு அதன்பின் நாள் குறிக்கலாம்.