ஒரு பாதை காணுமாம்!

கலைப்பீடத்துக்காரிக்கு ரவுட்டரில என்ன வேலை எண்டு கேப்பீங்கள். யார் எதைச் சொல்லாமல் விடுகினம் எண்டு பாக்கிறது எங்கட பாடந்தானே.

ஒரு இணையச் சேவை நிறுவனத்துக்குள்ள 100 ரவுட்டர்கள் இருந்தா, பிஜிபி முறைப்படி எல்லாம் எல்லாத்தோடயும் கதைக்க 4,950 தொடர்புகள் வேணும். இந்தச் சுமையைக் குறைக்க வந்ததுதான் ரூட் ரிஃப்ளெக்டர்: எல்லா ரவுட்டரும் அதோட மட்டும் கதைச்சாக் காணும். நல்ல ஏற்பாடு. ஆனா ஒரு இடத்துக்குப் போக மூன்று வழி தெரிஞ்சாலும், தனக்குச் சிறந்ததாப் படுற ஒன்றை மட்டுமே அது மற்றதுகளுக்குச் சொல்லும். அந்த ஒன்று அறுந்தா, ரிஃப்ளெக்டர் திரும்பத் தெரிவுசெய்து அறிவிக்கும்வரை அந்தப் பக்கம் போற தரவு தொலையும். வேற வழி இருந்தும் தொலையுது, அதுதான் எரிச்சல்.

மருந்து இல்லாமலில்லை. ஒரே இடத்துக்குப் பல பாதைகளை அறிவிக்கிற ஆட்-பாத், 2016இலேயே ஆர்எஃப்சி 7911 ஆக வந்திட்டுது. ரவுட்டரில நினைவகம் காணாது எண்டு சாட்டுச் சொல்லுகினம். முழு இணைய அட்டவணையில் 9 இலட்சத்துக்கு மேல் பதிவுகள், சுமைதான். எல்லா மாற்றையும் ஆர் கேட்டது? இரண்டாவது ஒன்றை மட்டும் சொல்லுங்கோ. ரவுட்டர் அதை முன்னமே எடுத்து வைச்சிருந்தா, அறுந்த உடனே மாறிவிடும்.