இரண்டரை திண்டுக்கல், ஒரு சிபேலியஸ்

ஃபின்லாந்து என்றால் நம்ம பசங்களுக்கு நோக்கியா ஞாபகம் வரும், அப்புறம் பனி. எனக்கு இப்போதெல்லாம் லாஹ்தி என்ற ஊர்தான் ஞாபகம் வருகிறது. மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். திண்டுக்கல் நகரத்தில் 2011 கணக்குப்படியே 2 லட்சத்துக்கு மேல். அந்தச் சின்ன ஊருக்குச் சொந்தமாக ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. பழைய தச்சுப் பட்டறை இருந்த இடத்தில் மரத்தாலான ஒரு அரங்கத்தை 2000-ல் திறந்து, ஜான் சிபேலியஸின் பெயரை வைத்தார்கள். அவர் இசைக்கென்றே விழாவும் எடுக்கிறார்கள்.

ஃபின்லாந்து மொத்தமும் சேர்த்தே சுமார் 56 லட்சம் பேர்தான். நம்ம மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு, கொஞ்சம் கூட!

"பணக்கார நாடு, செய்றாங்க" என்று சொல்வீர்கள். பணம் பிறகு வந்தது. சிபேலியஸ் 'ஃபின்லாந்தியா'வின் முதல் வடிவத்தை 1899-ல் எழுதியபோது அந்த நாடு ரஷ்யப் பேரரசுக்குக் கீழே இருந்தது. பத்திரிகைகள் மீதான தணிக்கையை எதிர்த்து நடந்த நிகழ்ச்சிக்காகப் பிறந்த இசை அது. அந்தப் பெயரைச் சொல்ல முடியாத இடங்களில் வேறு பெயரில் வாசித்தார்கள். விடுதலை 1917-ல்தான் வந்தது.

அவர் கதைகளை எடுத்தது 'கலேவலா'விலிருந்து. எலியாஸ் லொன்ரோட் என்ற டாக்டர் கிராமம் கிராமமாகப் போய், பாமர மக்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டு எழுதித் தொகுத்து 1835-ல் வெளியிட்ட காவியம் அது. (தமிழிலும் இருக்கிறது, தெரியுமா? ஃபின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் மொழிபெயர்த்து 1994-ல் வந்தது.)

நார்வேயில் நடந்தது இன்னும் நெருக்கமான கதை. க்னூட் டாலே என்று ஒரு கிராமத்து ஃபிடில்காரர். வயதாகிவிட்டது. தான் போய்விட்டால் தன்னிடம் இருக்கும் மெட்டுகளும் கூடவே போய்விடும் என்ற கவலையில், இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். 1901-ல் ஹால்வோர்சன் என்ற வயலின் கலைஞர் அவரை உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லி, 17 மெட்டுகளை எழுதி எடுத்தார். கிரீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்தார். அந்தத் தொகுப்பில் ஒரு துண்டின் தலைப்பிலேயே முந்தைய தலைமுறை ஃபிடில்காரர் ஒருவரின் பட்டப்பெயர் நிற்கிறது. 'மில்லுக்காரர் மகன்' என்று அர்த்தம் வரும்.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். நமக்கு மேதைப் பஞ்சம் கிடையாது. பக்கத்துத் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினோம், சரிதான். ஆனால் நம்ம ஊர் 'மில்லுக்காரர் மகன்' யார்? ராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்துக்கு உறுமி வாசிக்கிறவர், மாரியம்மன் திருவிழாவில் தப்பு அடிக்கிறவர், களையெடுக்கும்போது பாடும் பாட்டி... எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எந்த அடி எந்தச் சடங்குக்கு என்று யார் எழுதி வைத்திருக்கிறோம்?

திண்டுக்கல்லுக்கு நாளைக்கே ஆர்கெஸ்ட்ரா வேண்டும், அரங்கம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லாஹ்தியின் மர அரங்கத்துக்குப் பின்னால் நூறு, நூற்றைம்பது வருஷத்து வேலை இருக்கிறது. அந்த வேலை, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதில் தொடங்கியது.

ஹால்வோர்சனுக்கு ஸ்வரம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. நமக்கு அதுகூடத் தேவையில்லை, கையில் போன் இருக்கிறது. இந்த லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த நேரத்தில் வாசிப்பார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பெயர் ரொம்ப முக்கியம், மக்களே. பெயரை விட்டுவிட்டால் மெட்டு மட்டும் 'நாட்டுப்புறப் பாட்டு' என்ற பொது டப்பாவுக்குள் போய்விடும், அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர் காணாமல் போய்விடுவார்.

டாலே தானே கடிதம் எழுதினார். நம்ம பெரியவர்கள் யாருக்கென்று எழுதுவார்கள்? நாம்தான் போக வேண்டும்.