விண்வெளி நிலையம் ரெடி ஆகட்டும்... சாப்பாடு யார் கொண்டு போவது?

2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம்: இதுதான் இந்தியாவின் இலக்கு. அதன் முதல் பகுதியை 2028-ல் ஏவும் திட்டத்துக்கு, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சரி, அங்கே தங்குபவர்களுக்கு உணவு, தண்ணீர், ஆக்சிஜன், உதிரிபாகங்கள் எப்படிப் போகும்?

ஆளோடு சேர்த்தே அனுப்பிவிடலாமா?

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் அப்படித்தான் செய்தது. 2003-ல் கல்பனா சாவ்லா உட்பட 7 பேரைப் பலிகொண்ட கொலம்பியா விபத்துக்குப் பிறகு, ஆளையும் சரக்கையும் பிரித்து அனுப்புவதே நல்லது என்றது விசாரணைக் குழு. ரஷ்யாவோ 1978 முதலே ஆளில்லாத 'புரோக்ரஸ்' கலத்தில் சரக்கு அனுப்பிவருகிறது.

இந்தியாவுக்கு வேறு வழியும் இல்லை. எல்விஎம்3 ராக்கெட் தாழ்வான சுற்றுப்பாதைக்குச் சுமார் 8 டன் தூக்கும். மூவர் செல்லும் ககன்யான் கலத்தின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு மூட்டை முடிச்சுக்கு எங்கே இடம்?

தனியாக அனுப்பினால் போதுமா?

நிலையத்தோடு சரியாக இணையவும் வேண்டும். இரண்டும் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது, மெல்லத் தொட்டு இணைய வேண்டும். 2025 ஜனவரி 16-ல் 'ஸ்பேடெக்ஸ்' மூலம் இந்தியா இதைச் செய்துகாட்டியது. இதைச் சாதித்த 4-வது நாடு நாம். ஆனால், அவை தலா 220 கிலோ செயற்கைக்கோள்கள். அடுத்து டன் கணக்கில் செய்ய வேண்டும்.

கராச்சர்மாவுக்கு என்ன சம்பந்தம்?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே பறக்கும் ராக்கெட், கொஞ்ச நேரத்தில் அங்குள்ள ஆன்டெனாக்களின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். பிறகு அதைக் கண்காணிக்கும் இடங்களில் ஒன்று, போர்ட் பிளேரில் உள்ள இஸ்ரோ நிலையம். அந்த நகரை ஒட்டிய ஊர்தான் கராச்சர்மா. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வரும் கப்பல்களை நம்பி வாழும் தீவில், சரக்கு தாமதமானால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஏன் இப்பவே யோசிக்கணும்?

2024-ல் சுமார் 8 நாள் பயணமாகப் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாட்கள் கழித்துத்தான் திரும்பினர். ஸ்டார்லைனர் கலத்தில் கோளாறு. அவர்கள் தாக்குப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம், நிலையத்தில் இருந்த கையிருப்பும் தொடர்ந்து வந்த சரக்குக் கலங்களும், திரும்பி வரக் கிடைத்த இன்னொரு கலமும்.

இந்த மூன்றும் இல்லாமல் நம் நிலையத்தில் ஒருவரைத் தங்கவைப்பது ஆபத்து. முதலில் சரக்கு, பிறகுதான் ஆள்.