மறைத்த பாட்டிகளும் ஆதாரம் கேட்ட நீதிமன்றமும்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்த சாலி மார்கனிடம், நம் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். அம்மாவும் பாட்டி டெய்சி கொருன்னாவும் சேர்ந்து காப்பாற்றிய பொய் அது. தாங்கள் பழங்குடியினர் என்பது பதின்வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. பாட்டி பிறந்த பில்பரா பகுதியின் கால்நடைப் பண்ணைவரை தேடிப்போய் அவர் எழுதிய ‘மை பிளேஸ்’ 1987இல் வெளியாகி நாட்டையே பேசவைத்தது. பாட்டியின் தகப்பன் யார், பாட்டி பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற கேள்விகளில் நூல் பண்ணை முதலாளியின் பக்கம் கைநீட்டியது. அந்தக் குடும்பத்தார் அதை மறுத்தார்கள். பாட்டியோ சிலவற்றைக் கடைசிவரை சொல்லாமலே 1983இல் கண்ணை மூடிவிட்டார்.

அவமானத்தில் மறைத்தார்கள் என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். அந்தக் காலத்துச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயதுவரை பழங்குடிக் குழந்தைகளுக்கும் கலப்பினக் குழந்தைகளுக்கும் சட்டபூர்வக் காப்பாளர் பெற்ற தாய் அல்ல, ‘தலைமைப் பாதுகாவலர்’ என்ற அரசு அதிகாரி. பழங்குடிப் பெண் வேற்றினத்தாரை மணக்க அவருடைய எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் குற்றம். 1936இல் காப்பாளர் அதிகாரம் 21 வயதுவரை நீண்டது. 1915 முதல் 1940 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஏ.ஓ. நெவில். கலப்பினத்தாரை வெள்ளையரோடு கலந்து கரையவைத்துவிடலாம் என்று 1937 கான்பெரா மாநாட்டில் வாதிட்ட மனிதர். யார் யாரை விரும்பலாம் என்பதை நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

1944இல் வந்த குடியுரிமைச் சட்டம் இன்னும் கொடூரம். சொந்த மண்ணிலேயே குடியுரிமைக்கு மனுப்போட வேண்டும். பெற்றோர், பிள்ளைகள் போன்ற மிக நெருங்கிய உறவுகளைத் தவிர மற்ற பழங்குடியினரோடு இரண்டு ஆண்டுகளாகத் தொடர்பை அறுத்துக்கொண்டதாகக் காட்ட வேண்டும். அத்தையைப் பார்க்கப் போனாலே ஆபத்து. கையில் கிடைத்த சான்றிதழை மக்கள் ‘நாய் லைசென்ஸ்’ என்றார்கள். 1971வரை இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. இந்த நிலையில் பேத்தியிடம் ‘நாம் இந்தியர்’ என்று சொன்ன பாட்டி, குழந்தையை யாரும் பிடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறாள். அன்புக்கு வேறு வழி விடப்படவில்லை. 1910 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர்வரை பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் மனித உரிமை ஆணையத்தின் விசாரணை அறிக்கை கணித்தது. அந்தப் பயம் வெறும் பிரமை அல்ல.

விசித்திரம் என்னவென்றால், குடும்பங்கள் மறைத்ததை அரசு எழுதிவைத்திருக்கிறது. கண்காணிக்கத் திறந்த கோப்புகளில்தான் இன்று பேரப்பிள்ளைகள் பாட்டியின் பெயரையும் ஊரையும் தேடுகிறார்கள்.

தேடிக் கண்டுபிடித்தாலும் நிலம் கிடைத்துவிடாது. பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றுக்கொண்ட மாபோ தீர்ப்பைத் தொடர்ந்து 1993இல் வந்த பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தின்கீழ், மர்ரே ஆற்றங்கரையின் யோர்டா யோர்டா மக்கள் உரிமை கோரினார்கள். முன்னோரின் மரபும் வழக்கமும் இடையில் அறுந்துவிட்டன என்று 1998இல் நீதிபதி ஓல்னி தள்ளுபடி செய்தார். அந்த மக்களின் வாய்மொழிச் சாட்சியத்தைவிட, அவர்கள் நிலத்தில் ஆடு மேய்க்கக் குடியேறிய எட்வர்ட் கர் என்ற வெள்ளையர் எழுதிய நினைவுக்குறிப்புக்கு அதிக மதிப்புக் கொடுத்தார். 2002இல் உயர் நீதிமன்றமும் அந்த முடிவையே உறுதிசெய்தது. வீடுகளில் பேச்சை அடக்கியது அரசு. பேசாமல் போனதன் விலையைக் கட்டச் சொன்னதோ பேத்திகளை. சட்டப் புத்தகத்தில் இதற்கு விளக்கம் இருக்கலாம். நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விக்டோரியா மாநிலம் கொஞ்சம் இறங்கிவந்தது. 2010இல் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே உடன்பாடு செய்துகொள்ளத் தனிச் சட்டம் இயற்றி, யோர்டா யோர்டா மக்களுக்கு பார்மா தேசியப் பூங்காவின் நிர்வாகத்தில் பங்கு கொடுத்தது. மரபு அறுபடாமல் தொடர்ந்ததென்று நிரூபிக்கும் கட்டாயத்தை நாடு முழுவதற்கும் தளர்த்தலாம் என்று ஆஸ்திரேலிய சட்டச் சீர்திருத்த ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. நிரூபிக்கும் சுமை இன்றும் பேத்திகளின் தலையில்தான்.