கண்ணீர் கேட்கிறார்கள், கருத்துக் கேட்பதில்லை

"இருக்கிற பத்திரிகைகளுக்கே எழுதி அனுப்பலாமே, சொந்தமாக ஒரு ஏடு எதற்கு?" தாம்பரம் பக்கத்து ஆய்வு மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது சென்னையில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. தி இந்துவும் சுதேசமித்திரனும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் ஊர் எதை இழிவென்று சொன்னதோ, அந்தப் பெயரையே அவர் முகப்பில் அச்சடித்தார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த ஏட்டுக்கு விலையே பெயரானது: 'ஒரு பைசாத் தமிழன்'. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வரை அது போய்ச் சேர்ந்தது. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு தருகிறோம் என்றும்கூட அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது.

அன்று கதவைச் சாத்தினார்கள். இன்று கதவு திறக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். கேமராக்கள் பின்னாலேயே வந்தன, அழுகையைப் பதிவு செய்தன. நகரம் எப்படி அமைய வேண்டும் என்ற விவாத மேடையில் மட்டும் வல்லுநர்கள் உட்கார்ந்தார்கள். நம்மிடம் கண்ணீர் கேட்கிறார்கள், கருத்துக் கேட்பதில்லை. வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று என்னைக் கேட்டவர்களைப் பற்றி எழுதச் சொன்ன ஆசிரியர்கள் உண்டு. என் ஆய்வுத் துறையைப் பற்றி எழுதச் சொன்னவர் எவருமில்லை.

இது தனிமனிதர்களின் கெட்ட மனசு அல்ல, கட்டமைப்பு. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வு, செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. எது செய்தி, எது கருத்து என்று முடிவு செய்யும் நாற்காலிகள் இவை.

"நமக்குள்ளேயே பேசிக்கொள்வதால் என்ன பயன்?" என்று அடுத்து கேட்பார்கள். நமக்குள் ஒரே கருத்தா இருக்கிறது? சீனிவாசனும் பண்டிதரும் மைத்துனர்கள். அவர் பெருமையோடு முகப்பில் வைத்த பெயரையே இவர் ஏற்க மறுத்து, நாம் பூர்வ பௌத்தர் என்றார். அடுத்தவன் பத்திரிகையின் மூலையில் கிடைக்கும் இடத்தில் இந்தச் சண்டையைப் போட்டிருக்க முடியுமா? அங்கே நாம் எப்போதும் 'தலித் தரப்பு' என்ற ஒற்றைக் குரல்தான். முரண்படுவதற்கும் சொந்த இடம் வேண்டும்.

அப்படியானால் எதை எழுதுவது? பட்ட அவமானத்தை மட்டும் அல்ல. பண்டிதர் வரலாறு எழுதினார், மொழி எழுதினார், சுதேசி அரசியலை வாரந்தோறும் கேள்வி கேட்டார். தோழர்களே, தாம்பரம் மாநகராட்சியின் பட்ஜெட்டைப் பற்றி எழுதுங்கள். ஏரியை வளைத்த பெரிய கட்டடம் நிற்க, கரையோரக் குடிசை மட்டும் ஏன் இடிபடுகிறது என்று எழுதுங்கள். பெரும்பாக்கத்துப் பிள்ளைகள் நகரத் திட்டமிடலைப் பற்றி எழுதட்டும். யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். பண்டிதரை யாரும் கேட்கவில்லை.